இடைவழிப் புறப்பாடும் பின்சுழல் கொந்தளிப்பும்

இடைவழிப் புறப்பாடு என்பது, ஒரு விமானம் ஓடுபாதையின் தொடக்க முனைக்குச் செல்லாமல், ஓடுபாதையின் நடுவே வந்து சேரும் இணைப்புப் பாதையின் சந்திப்பிலிருந்து ஓடத் தொடங்கி மேலெழுவதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இது இன்டர்செக்ஷன் டேக்ஆஃப் எனப்படும். பின்சுழல் கொந்தளிப்பு என்பது, பறக்கும் விமானம் ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் விட்டுச்செல்லும் சுழற்காற்றினால் ஏற்படும் கொந்தளிப்பு ஆகும்; இதனை வேக் டர்புலன்ஸ் என்பர். இவை தனித்தனிப் பொருள்கள் போலத் தோன்றினாலும், பெரிய விமானங்களும் சிறிய விமானங்களும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்ளும் நிலையங்களில் இரண்டும் ஒன்றாகவே எதிர்ப்படுகின்றன.

நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு இடைவழியிலிருந்து புறப்பட விரும்பும் சிறிய விமானத்தின் விமானி, சற்று முன்னர் பெரிய விமானம் ஒன்று அதே ஓடுபாதையிலிருந்து புறப்பட்டிருந்தால், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விதிகளின்படி மூன்று நிமிடங்கள் காத்திருக்க நேர்கிறது. அதே விமானி ஓடுபாதையின் முழு நீளத்தையும் பயன்படுத்தியிருந்தால், பல வேளைகளில் அந்தக் கட்டாயக் காத்திருப்பு இல்லை. முரண் போலத் தோன்றும் இவ்விதியின் காரணம், பின்னால் வரும் விமானம் எந்த இடத்தில் தரையை விட்டு எழுகிறது என்பதில் அடங்கியுள்ளது. இக்கட்டுரை பெரும்பாலும் அமெரிக்க நடைமுறையை விளக்குகிறது. பன்னாட்டு நடைமுறை தனித் தலைப்பில் தரப்பட்டுள்ளது.

இடைவழிப் புறப்பாட்டின் பயன்

ஜெட் விமானங்கள் இயங்கும் நிலையங்களின் ஓடுபாதைகள் பொதுவாக 2,000 மீட்டருக்கும் மேல் நீண்டவை. நான்கு பேர் அமரக்கூடிய செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்திற்கோ, கடல் மட்டத்தில், இதமான வெப்பநிலையில், தரையை விட்டு எழுவதற்கு ஏறத்தாழ 1,000 அடி (சுமார் 300 மீட்டர்) போதும். இத்தகைய விமானம் ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து சென்று, அங்கே வரிசையில் நிற்கும் ஜெட் விமானங்களுக்குப் பின்னால் காத்து நின்று, பிறகு புறப்படுவது வீண் என்று எவருக்கும் தோன்றும். ஆகவே கட்டுப்பாட்டாளர்களே சிறிய விமானங்களுக்கு இடைவழிப் புறப்பாட்டை முன்மொழிவதும் உண்டு. விமானி கேட்டுப் பெறுவதும் உண்டு. ஊர்ந்து செல்லும் தொலைவு குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது, வரிசையும் கலைகிறது.

அமெரிக்காவில் வாடகைக்கு விமானம் எடுத்துப் பறப்போர் பெரும்பாலும் எஞ்சின் ஓடும் நேரத்திற்கே பணம் செலுத்துகின்றனர். விமானத்தில் பொருத்தப்பட்டுள்ள ஹாப்ஸ் மீட்டர் என்னும் கருவி, மணியின் பத்தில் ஒரு பங்காக, அதாவது ஆறு நிமிடத்திற்கு ஒரு முறை எண்ணிக்கையைக் கூட்டுகிறது. மூன்று நிமிடக் காத்திருப்பு என்பது இக்கணக்கில் பாதி எண். இவ்வளவு சிறிய தொகைதான் பலரை அவசரப்படுத்துகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

பின்சுழல் தோன்றும் விதம்

இறக்கை தூக்குவிசையை உருவாக்கும்போது அதன் அடிப்பரப்பில் காற்றழுத்தம் மிகுந்தும் மேற்பரப்பில் குறைந்தும் இருக்கும். அடியிலுள்ள காற்று இறக்கை நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே வர முயல்கிறது. இதனால் இரு நுனிகளுக்குப் பின்னும் இரு சுழல்கள் திரள்கின்றன. விமானத்தின் பின்னாலிருந்து நோக்கினால் இடப்பக்கச் சுழல் கடிகார முள் சுழலும் திசையிலும், வலப்பக்கச் சுழல் அதற்கு எதிர்த் திசையிலும் சுழலும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காற்று கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. இச்சுழல்களைப் பற்றிய கொள்கை விமானத்தின் வயதை ஒத்தது. ஆங்கிலேயப் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் 1907-இல் வெளியிட்ட நூலிலேயே இவற்றை விவரித்துள்ளார். ஆயினும் பின்னால் வரும் விமானத்தை உலுக்குவது முன்னால் சென்ற விமானத்தின் சுழலிகள் கிளப்பிய காற்றே என்னும் நம்பிக்கை விமானிகளிடையே நெடுங்காலம் நிலவியது. போயிங் 747 போன்ற மாபெரும் விமானங்கள் 1970-இல் சேவைக்கு வந்ததையொட்டியே இறக்கைச் சுழல்கள் முறையாக அளந்து ஆராயப்பட்டன.

சுழலின் வலிமை விமானத்தின் எடையோடு நேர்விகிதத்திலும், வேகத்தோடும் இறக்கை நீளத்தோடும் எதிர்விகிதத்திலும் அமைகிறது. எனவே எடை மிகுந்து, மெதுவாக, இறக்கை மடல்களை விரிக்காமல் பறக்கும் விமானமே மிக வலிய சுழலை விடுகிறது.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். 65 டன் எடையும் 34 மீட்டர் இறக்கை நீளமும் உடைய ஜெட் விமானம் ஒன்று விநாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் மேலெழுவதாகக் கொள்வோம். அதன் இரு சுழல்களின் மையங்களுக்கு இடையே ஏறத்தாழ 27 மீட்டர் இருக்கும். எடையை, காற்றின் அடர்த்தி, வேகம், இந்த இடைவெளி ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் சுழல்வலிமை விநாடிக்குச் சுமார் 265 சதுர மீட்டர். செஸ்னா 172-இற்கு இதே கணக்கைச் செய்தால் 27 அல்லது 28 வரும். பத்தில் ஒரு பங்கு. ஜெட்டின் சுழல்கள் ஒன்றையொன்று கீழே தள்ளிக்கொண்டு விநாடிக்கு 1.6 மீட்டர், அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 அடி வேகத்தில் இறங்கும். அமெரிக்க நடுவண் வான்போக்குவரத்து நிருவாகம் விமானிகளுக்குக் கூறும் அளவும் (நிமிடத்திற்குச் சில நூறு அடி) இதனோடு ஒத்துப்போகிறது.

இரு சுழல்களுக்கும் நடுவிலுள்ள காற்று இன்னும் வேகமாக, விநாடிக்கு 6 மீட்டருக்கு மேல், கீழிறங்குகிறது. நிமிடக் கணக்கில் இது ஏறத்தாழ 1,200 அடி. செஸ்னா 172 முழு விசையுடன் ஏறக்கூடிய வேகம் நிமிடத்திற்கு 730 அடிதான். ஆகவே அந்த நடுப்பகுதியில் அகப்பட்ட சிறிய விமானம், மூக்கை உயர்த்தி எஞ்சினை முழுமையாக இயக்கினாலும், தரையை நோக்கி இறங்கவே செய்யும். சுழலின் மையத்தில் அகப்பட்டாலோ விமானம் பக்கவாட்டில் உருள்கிறது. 11 மீட்டர் இறக்கை நீளமே உள்ள விமானம் முழுவதுமாகச் சுழலுக்குள் அமிழ்ந்துவிடுவதால், அதன் கட்டுப்பாட்டுப் பரப்புகள் அந்த உருளலை எதிர்க்கும் வலிமையற்றவை. போதிய உயரம் இருந்தால் உருண்ட விமானத்தை நிமிர்த்தலாம். தரையிலிருந்து 100 அடியில் அதற்கு இடமில்லை.

தரைக்கு அருகில் சுழல்களின் நடத்தை

தூக்குவிசை இருந்தால்தான் சுழல் உண்டு. ஆகையால் புறப்படும் விமானம் மூக்கை உயர்த்தும் இடத்தில் சுழல் தொடங்குகிறது. தரையிறங்கும் விமானத்தின் மூக்குச் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் முடிகிறது. ஓடுபாதையில் உருண்டோடும் விமானம் இவ்வகைச் சுழலை விடுவதில்லை. இக்கட்டுரையில் கூறப்படும் எல்லா விதிகளுக்கும் வேர் இந்த ஒரு செய்தியே.

உயரத்தில் தோன்றிய சுழல் பல நூறு அடி இறங்கிய பின் வலுவிழந்து நிலைபெறும். தரைக்கு 100 அல்லது 200 அடிக்குள் தோன்றியது கீழே இறங்க வழியின்றி, தரையை ஒட்டி இருபுறமும் 2 அல்லது 3 நாட் வேகத்தில் விலகிச் செல்லும். காற்று முற்றிலும் அமைதியாக இருந்தால் இரு சுழல்களும் ஓடுபாதையை விட்டு நீங்கிவிடும். பக்கத்திலிருந்து வலுவான காற்று அடித்தால் இரண்டும் ஒரே பக்கமாக அடித்துச் செல்லப்படும். இடர் மிகுந்தது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலை. 1 முதல் 5 நாட் வரையிலான மெல்லிய குறுக்குக் காற்றில், காற்று வரும் பக்கத்துச் சுழல் விலகிச் செல்ல முயலும் வேகமும், காற்று அதனைத் திருப்பித் தள்ளும் வேகமும் சமமாகிவிட, அது ஓடுபாதையின் மேலேயே நின்றுவிடும். பறப்பதற்கு இனிய நாள் என்று புதிய விமானிகள் கருதும் நாள்களே இதற்கு ஏற்றவை என்பது கவனிக்கத்தக்கது. சுழல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓடுபாதை வெறுமையாகவே காட்சியளிக்கும்.

எதிர்காற்றின் விளைவு பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று. 10 நாட் எதிர்காற்று ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 1,000 அடி நகர்கிறது. எனவே ஜெட் மூக்கை உயர்த்திய இடத்தில் தோன்றிய சுழல், ஒரு நிமிடத்திற்குப் பிறகு, பின்னால் காத்திருக்கும் விமானத்தை நோக்கி 1,000 அடி நெருங்கி வந்திருக்கும்.

இடம் மாறுவதால் நேரும் வேறுபாடு

8,000 அடி நீளமுள்ள ஓடுபாதை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். எளிமைக்காகக் காற்று இல்லை எனவும் கொள்வோம். ஜெட் விமானம் ஒன்று தொடக்க முனையிலிருந்து ஓடி, 5,000 அடியில் மூக்கை உயர்த்தி, 5,500 அடியில் தரையை விட்டு எழுந்து, நூறு அடிக்குப் பதினைந்து அடி என்னும் சரிவில் ஏறுகிறது. ஓடுபாதையின் இறுதியில் அதன் உயரம் 375 அடி.

அதன் பின்னால் செஸ்னா 172 முழு நீளத்தையும் பயன்படுத்திப் புறப்பட்டால், 1,000 அடியில் எழுந்து, 1,630 அடியில் 50 அடி உயரத்தை எட்டி, நூறு அடிக்குப் பத்து அடிக்குச் சற்றுக் குறைவான சரிவில் ஏறும். ஜெட் மூக்கை உயர்த்திய 5,000 அடிக் குறியைக் கடக்கும்போது செஸ்னா ஏற்கெனவே 375 அடி உயரத்தில் இருக்கும். ஓடுபாதையின் இறுதியில் அதன் உயரம் ஏறத்தாழ 665 அடி. அதாவது ஜெட் சென்ற பாதைக்கு 290 அடி மேலே. சுழல் கீழ்நோக்கியே இறங்கும் ஆதலால் இது பாதுகாப்பான பக்கம். ஜெட் செங்குத்தாக ஏறுவதால் இரு பாதைகளும் எங்கோ ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அந்த இடம் ஓடுபாதை முடிந்து மேலும் 5,000 அடி தள்ளி உள்ளது. அதற்கு முன்பே காற்று வரும் பக்கமாகத் திரும்பி விலகிக்கொள்ள விமானிக்குப் போதிய நேரம் கிடைக்கிறது.

இப்போது அதே செஸ்னா 4,000 அடிக் குறியிலுள்ள சந்திப்பிலிருந்து புறப்படுகிறது. மீதமுள்ள 4,000 அடி அதற்குத் தாராளம்; நீளத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் அது தரையை விட்டு எழும் இடம் 5,000 அடி, அதாவது சுழல் தொடங்கும் அதே இடம். அங்கே தோன்றிய சுழல்கள் இறங்க இடமின்றித் தரையை ஒட்டிக் கிடக்கின்றன. செஸ்னாவும் தரையை ஒட்டி, மிகக் குறைந்த வேகத்தில் பறக்கிறது. ஓடுபாதையின் இறுதியில் அதன் உயரம் 280 அடி, ஜெட் சென்ற பாதைக்கு ஏறத்தாழ 100 அடி கீழே. சுழல் இந்த இடைவெளியை 20 விநாடிகளில் இறங்கிக் கடந்துவிடும் என்பதால், செஸ்னா அவ்விடம் வரும்போது அது சற்றுக் கீழே போயிருக்கலாம். அதைக்கொண்டு ஆறுதல் அடைய முடியாது. முன்னே செல்லச் செல்ல ஜெட்டின் பாதை உயர்ந்துகொண்டே போகிறது. அங்கு தோன்றிய சுழல்கள் செஸ்னா ஏறி வரும் உயரத்திற்கே இறங்கி வருகின்றன. முழு நீளத்திலிருந்து புறப்பட்டவர் சுழலுக்கு மேலே பறந்தார். இடைவழியிலிருந்து புறப்பட்டவர் ஏறும் வழி நெடுகிலும் சுழலோடு சேர்ந்தே பறக்கிறார்.

முன்னால் வந்தது புறப்படும் விமானமாக இல்லாமல் தரையிறங்கிய விமானமாக இருந்தால் இக்கணக்கு தலைகீழாகும். அதன் சுழல் சக்கரம் தொட்ட இடத்தோடு முடிந்துவிடுவதால், அவ்விடத்தைத் தாண்டி எழுவதே நல்லது. அந்நிலையில் இடைவழிப் புறப்பாடு சிறிய விமானத்திற்கு உதவியாகவே அமையலாம்.

மூன்று நிமிட விதி

அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்களின் கையேடு, சிறிய விமானம் ஒன்று, அதே ஓடுபாதையிலிருந்து புறப்பட்ட பெரிய விமானத்தின் பின்னால் இடைவழியிலிருந்து புறப்படுமானால், பெரிய விமானம் எழுந்து மூன்று நிமிடங்கள் கழியும் வரை சிறியது ஓடத் தொடங்கலாகாது என விதிக்கிறது. இரண்டும் ஒரே திசையில் புறப்பட்டாலும் எதிரெதிர்த் திசைகளில் புறப்பட்டாலும் இது பொருந்தும். மரபான அமெரிக்க வகைப்பாட்டில் 41,000 பவுண்டு (சுமார் 18,600 கிலோகிராம்) வரையிலான விமானங்கள் அனைத்தும் சிறியவையே. இவ்வகுப்பிற்குள் 12,500 பவுண்டு (சுமார் 5,670 கிலோகிராம்) என்னும் மற்றோர் எல்லையும் உண்டு. அதற்குட்பட்டவை அதற்கு மேற்பட்ட சிறிய விமானங்களின் பின்னாலும் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். செஸ்னா 172 விமானத்தின் உச்ச எடை 2,550 பவுண்டு எனும்போது, 40,000 பவுண்டு எடையுள்ள வணிக ஜெட்டும் அதுவும் ஒரே பெயரால் அழைக்கப்படுவது வியப்பளிக்கலாம். உள் எல்லை வேண்டியிருந்தது அதனால்தான்.

கனரக விமானங்களின் பின்னால் இடைவழியிலிருந்து புறப்படும் எவ்வகை விமானத்திற்கும் மூன்று நிமிடமும், ஏர்பஸ் ஏ380 போன்ற மீப்பெரு விமானத்தின் பின்னால் நான்கு நிமிடமும் கட்டாயம். அமெரிக்காவில் 2012-இல் மெம்பிஸ் நிலையத்தில் தொடங்கி, எடையை மட்டுமன்றி இறக்கை நீளம் முதலியவற்றையும் கருத்தில் கொள்ளும் புதிய வகைப்பாடு படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும் இடைவழிப் புறப்பாட்டிற்குத் தனிக் காத்திருப்பு என்னும் அடிப்படை மாறவில்லை.

காத்திருப்பு தேவைப்படும்போது கட்டுப்பாட்டாளர் "ஹோல்டு ஃபார் வேக் டர்புலன்ஸ்" என்று வானொலியில் அறிவிப்பார். முன்னால் சென்ற விமானம் புறப்பட்ட இடத்திற்கும் இடைவழிக்கும் இடையே 500 அடிக்கு மேல் இல்லையென்றால், இரண்டும் ஒரே திசையில் புறப்படும்போது, இக்காத்திருப்பு தேவையில்லை. மேலே கண்ட எடுத்துக்காட்டைக் கொண்டு பார்த்தால் இதன் காரணம் விளங்கும். 500 அடி முன்னே நகர்வதால் சிறிய விமானம் எழும் இடம் சுழலின் தொடக்கத்தை எட்டிவிடாது.

தொட்டெழும் பயிற்சியில், அதாவது ஓடுபாதையில் இறங்கி நிற்காமல் மீண்டும் எழும் பயிற்சியில் ஈடுபடும் விமானமும் இடைவழியிலிருந்து புறப்படும் விமானமாகவே கருதப்படுகிறது. அது மீண்டும் எழும் இடம் ஓடுபாதையின் நடுவில்தான் என்பதை நோக்கினால் இது பொருத்தமே. பயிற்சி மாணவர்கள் தம்மை இடைவழிப் புறப்பாட்டோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை என்பதால் இதனைத் தனியே குறிப்பிட வேண்டியுள்ளது.

விலக்குக் கோருதல்

மூன்று நிமிட விதியில், கனரகமல்லாத விமானங்களைப் பொறுத்தவரை, ஒரு வாயில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. குறைந்த இடைவெளியே போதும் என்று கருதும் விமானி, மூன்று நிமிட இடைவெளியிலிருந்து விலக்கு வேண்டும் எனக் கேட்கலாம். கேட்பவர் விமானியாகவே இருத்தல் வேண்டும். "புறப்படத் தயார்" என்றோ "புறப்பட அனுமதி வேண்டும்" என்றோ சொல்வது விலக்குக் கோரியதாகக் கொள்ளப்படுவதில்லை. "விலக்கு" என்னும் பொருள்படும் சொற்கள் வெளிப்படையாக வர வேண்டும். சொல்லில் இவ்வளவு கண்டிப்பு ஏன் எனில், அச்சொல் வாயிலிருந்து வந்த கணத்திலேயே பின்சுழலிலிருந்து விமானத்தைக் காக்கும் பொறுப்பு கோபுரத்திலிருந்து விமானிக்கு இடம் பெயர்கிறது. ஓடுபாதையில் வேறு விமானம் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளும் கடமை கட்டுப்பாட்டாளரிடமே இருக்கும்; சுழல் மட்டும் விமானியின் பாடு.

விலக்கு அளித்த பின்னரும் கட்டுப்பாட்டாளர் சிலவற்றைச் செய்ய வேண்டும். புறப்பாட்டு அனுமதிக்கு முன் பின்சுழல் எச்சரிக்கை விடுக்க வேண்டும். உடனே புறப்படுமாறு அவசரப்படுத்தும் வகையில் அனுமதி தரலாகாது. முன்னால் சென்ற விமானத்தின் பாதையை விட்டு விலகிச் செல்லச் சிறிய விமானத்திற்கு இடமளிக்க வேண்டும். கனரக, மீப்பெரு விமானங்களின் பின்னால் இவ்விலக்கு எவர் கேட்டாலும் கிடையாது.

விலக்குக் கேட்பது எல்லா வேளைகளிலும் பிழையாகாது. 15 நாட் குறுக்குக் காற்று அடிக்கும் நாளில் சுழல்கள் சில விநாடிகளில் ஓடுபாதையைவிட்டு நீங்கியிருக்கும். ஆனால் காற்றுமானி 3 நாட் காட்டும் மாலையில், ஜெட் எந்த இடத்தில் மூக்கை உயர்த்தியது என்பதைக் கவனிக்காமலே விலக்குக் கேட்பவர், மேலே கூறிய ஹாப்ஸ் மீட்டரின் பாதி எண்ணுக்காகக் கேட்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

மறுபுறம், காத்திருப்பை நீட்டிக் கேட்கும் உரிமையும் விமானிக்கு உண்டு. முழு நீளத்திலிருந்து புறப்படும்போது கட்டுப்பாட்டாளர் "காஷன், வேக் டர்புலன்ஸ்" என்னும் எச்சரிக்கையுடன் உடனே அனுமதி அளித்தாலும், "இரண்டு நிமிடம் காத்திருக்க விரும்புகிறேன்" என்று விமானி கூறலாம். பின்னால் வரிசை நிற்கிறதே என்னும் கூச்சமே பெரும்பாலும் இதற்குத் தடையாகிறது. அத்தகையோர் ஓடுபாதைக்குள் நுழைந்த பிறகு கேட்பதை விட, கோட்டுக்கு வெளியே நிற்கும்போதே கேட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது. விமானத்தின் இயக்கத்திற்கு இறுதிப் பொறுப்பும் அதிகாரமும் தலைமை விமானிக்கே உரியவை என அமெரிக்க வான்போக்குவரத்து ஒழுங்குவிதிகளின் 91.3 ஆம் பிரிவு கூறுகிறது.

ஓடுபாதையின் மீதி நீளம்

இடைவழிப் புறப்பாட்டில் கைவிடப்படும் நீளம் பின்சுழல் அல்லாத வேறு வகையிலும் விலை கேட்கலாம். எழுந்தவுடன் எஞ்சின் நின்றுவிட்டால் நேரே முன்னால் இறங்குவதற்கு எஞ்சியிருக்கும் ஓடுபாதையே சிறிய விமானத்தின் முதல் புகலிடம். அது போதுமா எனக் கணிப்பது விமானியின் கடமை. இடைவழியிலிருந்து ஓடுபாதையின் இறுதி வரையிலான தொலைவைக் கேட்டால் கட்டுப்பாட்டாளர் தெரிவிப்பார். அளந்த தொலைவு 50 அடியின் மடங்காகக் கீழ்நோக்கி முழுமையாக்கப்பட்டுத் தரப்படும். சந்திப்பைத் தவறாக அடையாளம் காண்பது பெரிய விமானங்களுக்கும் நேர்ந்துள்ளது. 2015 செப்டம்பர் 15 அன்று மயாமியிலிருந்து தோகா நோக்கிப் புறப்பட்ட போயிங் 777 ஒன்று, கணக்கிட்டதற்கு மாறாக இடைவழியிலிருந்து ஓடத் தொடங்கி, ஓடுபாதைக்கு அப்பாலுள்ள வழிகாட்டு விளக்குகளில் மோதியவாறே மேலெழுந்தது. உயிரிழப்பு இல்லை.

பன்னாட்டு நடைமுறை

பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு விமானங்களை உச்ச எடையைக் கொண்டு வகைப்படுத்துகிறது. 7,000 கிலோகிராம் வரை இலகு வகை. அதற்கு மேல் 1,36,000 கிலோகிராமுக்குக் கீழ் நடுத்தர வகை. அதற்கு மேற்பட்டவை கனரகம். இவற்றோடு மீப்பெரு வகையும் பின்னர்ச் சேர்ந்தது. நடுத்தர விமானத்தின் பின்னால் இலகு விமானம் முழு நீளத்திலிருந்து புறப்பட்டால் 2 நிமிடமும், ஓடுபாதையின் இடைப்பகுதியிலிருந்து புறப்பட்டால் 3 நிமிடமும் இடைவெளி வேண்டும். 760 மீட்டருக்கும் குறைவான இடைவெளியுள்ள இணை ஓடுபாதைகளுக்கும் இதே கணக்கு. இந்தியாவும் இலங்கையும் இவ்வமைப்பின் உறுப்பு நாடுகள் ஆகும்.

அமெரிக்க முறையோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஏர்பஸ் ஏ320 ஒன்றின் பின்னால் முழு நீளத்திலிருந்து புறப்படும் செஸ்னாவைப் பன்னாட்டு விதி இரண்டு நிமிடம் நிறுத்தி வைக்கிறது. மரபான அமெரிக்க விதி அங்கு எச்சரிக்கை மட்டும் விடுத்து, சுழலுக்கு மேலே பறக்கும் பொறுப்பை விமானியின் கண்ணுக்கும் கணிப்புக்கும் விட்டுவிடுகிறது. இடைவழி என்று வந்துவிட்டால் இரு முறைகளும் மூன்று நிமிடத்தில் ஒன்றுபடுகின்றன.

விபத்துகளும் விதிகளின் வளர்ச்சியும்

1972 மே 30 அன்று டெக்சாசு மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரிலிருந்த கிரேட்டர் சவுத்வெஸ்ட் நிலையத்தில், பயிற்சிப் பறப்பில் ஈடுபட்டிருந்த டிசி-9 விமானம், தொட்டெழும் பயிற்சி செய்துகொண்டிருந்த டிசி-10 விமானத்தின் பின்னால் தரையிறங்க வந்தபோது, சுழலில் சிக்கி உருண்டு ஓடுபாதையில் மோதியது. விமானத்திலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். பின்சுழல் என்பது சிறு விமானங்களுக்கு மட்டுமே உரிய தொல்லை என்னும் எண்ணத்தை இவ்விபத்து மாற்றியது. இடைவெளி விதிகளும் கடுமையாக்கப்பட்டன.

போயிங் 757 விமானம் கனரக வகைக்குள் அடங்காவிட்டாலும் எடைக்கு மீறிய வலிய சுழலை விடுவது பின்னர்த் தெரியவந்தது. 1992 டிசம்பர் 18 அன்று மொன்டானா மாநிலத்தின் பில்லிங்சு நகரில், 757 ஒன்றின் பின்னால் தரையிறங்க வந்த செஸ்னா சைட்டேஷன் ஜெட் வீழ்ந்து எண்மர் இறந்தனர். ஓராண்டு கழித்து, 1993 டிசம்பர் 15 அன்று, கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் வெஸ்ட்விண்ட் வணிக ஜெட் ஒன்று அதே வகை விமானத்தின் பின்னால் தரையிறங்க வந்து வீழ்ந்தது, ஐவர் இறந்தனர். இவற்றின் பின்னரே 757 விமானத்திற்கெனத் தனி இடைவெளிகள் வகுக்கப்பட்டன. எடைப்பட்டியலில் அந்த விமானத்தின் பெயர் மட்டும் வகைக்குள் அடங்காமல் தனித்து நிற்பதன் காரணம் இதுவே.

2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் போயிங் 747 ஒன்றின் பின்னால் புறப்பட்ட ஏர்பஸ் ஏ300 வீழ்ந்து, தரையிலிருந்த ஐவர் உட்பட 265 பேர் மாண்டனர். இங்குச் சுழல் ஒரு தூண்டுதல் மட்டுமே. அதனை எதிர்கொள்ளத் துணை விமானி சுக்கானைத் தேவைக்கு மீறி மாறி மாறி மிதித்ததால் வால் செங்குத்துப் பகுதி முறிந்ததே காரணம் என விசாரணை முடிவு கூறியது.

மேலே குறிப்பிட்ட 1972, 1992, 1993 விபத்துகள் மூன்றும் தரையிறங்கும்போது நேர்ந்தவை. அவற்றில் எதுவும் இடைவழிப் புறப்பாடு அன்று. ஆயினும் மூன்றிலும் பின்னால் வந்த விமானம் முன்னதன் சுழல் இறங்கி வரும் இடத்திற்குத் தரைக்கு அருகில் சென்று சேர்ந்தது. செஸ்னா விமானி 4,000 அடிக் குறியிலிருந்து புறப்படும்போது தேடிச் செல்வதும் அதே இடத்தையே.